நிரப்பப்படாத இடங்கள்

திருச்சியிலிருந்து துவாக்குடி போகும் நகரப் பேருந்தில் ஏறினால், பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று தஞ்சாவூர்ச் சாலை நெடுக அரசுப் பணம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். காட்டூரை ஒட்டி இருக்கிறது பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் அது. திருவெறும்பூரைத் தாண்டினால் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு எழுந்து 1965-ல் உற்பத்தி தொடங்கிய உயரழுத்தக் கொதிகலன் ஆலை; ஊர்க்காரர்களுக்கு அது ‘பெல்’. நவல்பட்டுப் பக்கம் திரும்பினால் துப்பாக்கித் தொழிற்சாலை. நடுவில் துவாக்குடி வரைக்கும், பெல்லின் வேலையை நம்பி முளைத்த சிறு பட்டறைகள்.

இந்தச் சாலையில் ஒரு பக்கம் நலத்திட்டம், மறுபக்கம் வேலை. பட்ஜெட் விவாதங்களில் இவை இரண்டும் எதிரெதிராக நிறுத்தப்படுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். “சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே பாதி போய்விட்டால் ஏழைக்கு எதைக் கொடுப்பது?” என்பார் ஒருவர். “இலவசங்களுக்கே கொட்டிவிட்டால் வேலையை யார் உருவாக்குவது?” என்பார் இன்னொருவர். ஆனால் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது இந்தப் பிரிவினைக்கு அடங்காத ஒரு திட்டம். ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். மூவரும் பெரும்பாலும் பெண்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. குழந்தையின் தட்டில் விழுந்த சோறும், அதே தெருவில் ஒரு பெண்ணின் கையில் வந்த மாத வருமானமும் ஒரே செலவுக் கணக்கிலிருந்து வந்தவை. திட்டம் வேறு, வேலை வேறு என்று அங்கே யாரும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

இந்தக் கட்டுரை பார்க்க விரும்புவது ஒன்றைத்தான். அரசின் கையில் பணம் குறையும் காலத்தில் எது வெட்டப்படுகிறது, எது தப்பிக்கிறது, ஏன்? தமிழ்நாட்டின் நாற்பது ஆண்டு அனுபவத்தையும் பக்கத்து நாடான இலங்கையின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: உரத்த குரலில் அறிவிக்கப்பட்ட வெட்டுகளை மக்கள் பெரும்பாலும் திருப்பி வாங்கியிருக்கிறார்கள். சத்தமில்லாமல் நடந்த வெட்டுகள்தான் நிலைத்திருக்கின்றன. சத்தமில்லாத வெட்டு முதலில் விழுவது பணத்தில் அல்ல, ஆளில். ஓய்வு பெற்றவரின் நாற்காலி காலியாகவே கிடக்கும். திட்டத்தின் பெயர் பட்ஜெட்டில் அப்படியே இருக்கும்.

*

சத்தத்தோடு வந்த வெட்டை முதலில் பார்ப்போம்.

2001-ல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, கஜானா காலி என்று ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வைத்தது. நவம்பர் 29 அன்று வந்த அரசாணை 212, காலியிடங்களை நிரப்பத் தடை போட்டது. அன்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு அந்த எண் இன்றும் மனப்பாடம். 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றானது. ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் சட்டம் அவசரச் சட்டத்தால் கடுமையாக்கப்பட்டு, சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். இந்திய நிர்வாக வரலாற்றில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டி.கே. ரங்கராஜன் தொடுத்த அந்த வழக்கில், 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்றது. இனி வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் மேசைக்குத் திரும்பினார்கள்.

அதே காலத்தில் ரேஷன் அட்டையிலும் கை வைக்கப்பட்டது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ முத்திரை. அவர்களுக்கு அரிசி இல்லை. விவசாயிகளின் இலவச மின்சாரமும் போனது. ஒவ்வொன்றுக்கும் நிதித்துறையிடம் ஒரு நியாயம் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் சில நியாயங்கள் வலுவானவையும்கூட.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. முடிவு வந்த சில நாட்களுக்குள் ‘எச்’ முத்திரை போனது, இலவச மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள்மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. ரேஷனில் யாரையும் தள்ளிவைக்கும் யோசனையை அதன்பின் எந்தத் தமிழ்நாட்டு அரசும் எடுக்கவில்லை. மத்திய அரசு 1997-ல் வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோதும் தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2004-க்குப் பிறகு அது பிரிக்க முடியாத ஒன்றாகவே ஆகிவிட்டது.

ஆனால் எது திரும்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2003-க்குப் பின் சேர்ந்தவர்களின் பழைய ஓய்வூதியம் அப்போது திரும்பவில்லை. அரசாணை 212 பின்னால் விலக்கப்பட்டாலும், அந்த ஆண்டுகளில் நிரப்பாமல் விட்ட இடங்கள் போனவை போனவைதான். வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு முகம் இருந்தது. அவருக்காக ஊர்வலம் போக முடிந்தது. நியமிக்கப்படாதவருக்கு முகம் கிடையாது.

*

இலங்கையின் கதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே இரு முறையும் வெட்டிய கை ஒன்றே. 1953-ல் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா, ஒரு கொத்து ரேஷன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பகலுணவு நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுவதும் ஹர்த்தால். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடிப் பேசும் நிலை வந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 

கால் நூற்றாண்டு கழித்து அதே ஜெயவர்த்தனா நாட்டின் தலைவராகத் திரும்பி வந்தார். இந்த முறை விலையை ஒரே நாளில் ஏற்றவில்லை. 1978-ல் இலவச அரிசி மக்களில் ஒரு பாதிக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 1979-ல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதில் ஒரு ரூபாய்த் தொகை எழுதியிருக்கும். விலைவாசி ஏறியது, முத்திரையில் எழுதிய தொகை ஏறவில்லை. சில ஆண்டுகளில் அந்த முத்திரை வாங்கும் பொருள் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஹர்த்தால் நடக்கவில்லை. எதிர்த்துக் குரல் கொடுக்கக்கூடிய தொழிற்சங்கங்களும் 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேரின் வேலைநீக்கத்தோடு முதுகெலும்பு முறிந்து கிடந்தன. எடையில் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பணமாக மாற்றுவதும், அந்தப் பணத்தை விலைவாசியோடு கட்டாமல் விடுவதும்: இதைவிடச் சத்தமில்லாத கத்தி நிதித்துறையின் கையில் வேறு இல்லை. 2022 நெருக்கடிக்குப் பின் சர்வதேச நாணய நிதியத்தின் கடனோடு சமுர்த்தி நலத்திட்டத்தை விலக்கி வந்த ‘அஸ்வெசும’ உதவித்தொகையையும் இந்த வரலாறு தெரிந்த கண்ணோடுதான் இலங்கை மக்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் சமையலறைக்கும் இதே கத்தி வந்திருக்கிறது. நாடு முழுவதும் பள்ளி மதிய உணவு சமைப்பவருக்கு மத்தியத் திட்டம் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்குப் பத்து மாதம் மட்டும். 2009-ல் நிர்ணயித்த தொகை அது. ஒரு மூட்டை சிமென்ட், ஒரு சிலிண்டர், ஒரு கிலோ பருப்பு என்று எதன் விலையை எடுத்துப் பார்த்தாலும் இந்த ஆயிரத்தின் கதி விளங்கும். தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் மேலே போட்டுக் கொடுப்பதால் இங்கே நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் அந்த ஆயிரத்தைக் குறைத்ததாக எந்த நிதியமைச்சரும் எந்த அவையிலும் அறிவித்ததில்லை. யாரும் குறைக்கவில்லை. காலம் குறைத்தது, அதைக் காலத்தின் போக்கில் விட்டார்கள்.

*

சத்துணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணமுடைக் காலங்களைத் தாண்டி அது நின்ற விதம், இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம்.

1956-ல் காமராசர் காலத்தில் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, ஊர் மக்களின் நன்கொடையையும் அரசின் பங்கையும் சேர்த்து நடந்தது. ஊருக்கு ஊர் ஏற்ற இறக்கம் இருந்தது. 1982-ல் நடந்தது வேறு அளவிலான காரியம். ஜூலையில் கிராமப்புறத்தில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகள், செப்டம்பரில் நகர்ப்புறம், 1984-ல் 15 வயது வரை. எல்லா மையங்களுக்கும் அடுப்பு, பாத்திரம், ஆள் என்று ஒரே ஆண்டில் ஒரு துறையே எழுந்தது. இவ்வளவு பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள் அப்போது ஏராளம். பொருளாதாரம் படித்தவர்கள் பலர் இதை ஓட்டுக்கான சோறு என்றார்கள். வரி போட்டும் மற்றச் செலவுகளை நகர்த்தியும் அரசு நடத்திக் காட்டியது.

அடுத்து வந்தவர்கள் இதை மூடவில்லை என்பதுதான் இன்னும் முக்கியம். தி.மு.க. ஆட்சியில் முட்டை சேர்ந்தது. இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து என்று வளர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது தமிழ்நாடு புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி மாநிலத்தின் 1,545 தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்து, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

ஏன் யாராலும் மூட முடியவில்லை? பள்ளியில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் குழந்தைக்கும் அது பொதுவாக இருந்தது ஒரு காரணம். வருமானச் சான்றிதழ் கேட்கும் திட்டத்தைச் சுருக்குவது எளிது. வரம்பை 5,000-லிருந்து 4,000 ஆக்கினால் போதும், தள்ளப்பட்டவர்கள் சிதறிக் கிடப்பார்கள். எல்லோருக்கும் என்ற திட்டத்தில் வெட்ட முதலில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கிழிக்கும் கையை ஊரே பார்க்கும். இரண்டாவது காரணம், ஊருக்கு ஊர் மூன்று பெண்கள் அந்த அடுப்போடு கட்டுண்டு இருந்தார்கள். அவர்கள் சங்கம் வைத்தார்கள். காலமுறை ஊதியம், ஓய்வூதியம் என்று ஆண்டுக்கு ஆண்டு தலைமைச் செயலகம் நோக்கி நடந்தார்கள். திட்டத்துக்கு எங்காவது ஊறு வந்தால் முதலில் அறியும் கண் அவர்களுடையது. குழந்தைகள் சங்கம் வைக்க முடியாது. அவர்களுக்கு வேண்டிய சங்கமாகவும் இந்தப் பெண்களே இருந்தார்கள்.

அதனால்தான் அந்தப் பணியிடங்கள் காலியாவதைச் சிறிய நிர்வாகச் செய்தியாக நான் நினைக்கவில்லை. 2024 இறுதியில் அரசு 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப ஆணையிட்டது, மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில். நிரப்ப முன்வந்தது நல்லதுதான். ஆனால் ஏறக்குறைய ஒன்பதாயிரம் அடுப்புகளுக்கு முன்னால் ஓர் ஆள் இல்லாமல் போனதை எந்த பட்ஜெட் உரையும் ‘குறைப்பு’ என்று சொன்னதில்லை. அந்த நாட்களில் ஓர் அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதும், ஒரே பெண் அரிசி களைந்து, சமைத்து, பரிமாறி, பாத்திரம் துலக்குவதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. காலை உணவுத் திட்டத்தில் சமையலை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செய்கின்றன. பெரிதும் வரவேற்கப்பட்ட திட்டம், வரவேற்கப்பட வேண்டிய திட்டம். என் கவலை, 1982-ல் பணியிடம் என்று தொடங்கிய ஒன்று 2022-ல் பணியிடமே இல்லாமல் தொடங்கியதில் இருக்கிறது.

ஊராட்சிகளில் பணியாற்றிய மக்கள் நலப் பணியாளர்களின் வரலாற்றை ஆண்டுகளாகவே சொல்லிவிடலாம். 1989-ல் தி.மு.க. ஆட்சி நியமித்தது. 1991-ல் நீக்கம். 1997-ல் மீண்டும் வேலை. 2001-ல் நீக்கம். 2006-ல் மீண்டும் வேலை. 2011 நவம்பரில் சுமார் 13,500 பேர் நீக்கம். 2022-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்கள் என்ற பெயரில், மாதம் 7,500 ரூபாய்க்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அந்த ஏற்பாட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இருபது வயதில் சேர்ந்த ஒருவர் ஐம்பதைத் தாண்டும் வரைக்கும் மூன்று முறை வேலை இழந்து மூன்று முறை மீண்டும் வேலை பெற்றிருக்கிறார்.  இந்த நீக்கங்களும் நியமனங்களும் ஆட்சி மாறிய ஆண்டுகளோடு ஒட்டிப் போவதைப் பார்ப்பவர்களுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தின் பின்பலம் இல்லாமல், ஒரு கட்சியின் பெயரில் ஒட்டிக்கொண்ட வேலை எவ்வளவு மெலிந்த நூலில் தொங்கும் என்பதற்கு இவர்களே சாட்சி.

*

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? நூறு நாள் வேலை அதற்குப் பதில் சொல்கிறது.

2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலையை உரிமையாக்கியது. கேட்டவருக்குப் பதினைந்து நாளில் வேலை தர வேண்டும். தராவிட்டால் படி தர வேண்டும். பட்ஜெட்டில் பணம் இல்லை என்று சொல்ல முடியாதபடி எழுதப்பட்ட சட்டம் அது. கொரோனா ஆண்டான 2020-21-ல் 61,500 கோடி ரூபாய் ஒதுக்கி, தேவை பெருகியதும் திருத்திய மதிப்பீட்டில் 1,11,500 கோடியாக உயர்த்தினார்கள். சட்டம் தன் வேலையைச் செய்த ஆண்டு அது. 2023-24-க்கு ஒதுக்கியது 60,000 கோடி. எங்கும் ‘இனி வேலை கிடையாது’ என்று சொல்லவில்லை. கூலி தாமதமானது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி 4,000 கோடி ரூபாயைத் தாண்டியது. செய்த வேலைக்கு மாதக்கணக்கில் கூலி வராத பெண், அடுத்த முறை வேலை கேட்டுப் போகாமல் வயலுக்கோ சித்தாள் வேலைக்கோ போய்விடுவார். அப்புறம் தேவையே குறைந்துவிட்டது என்று புள்ளிவிவரம் சொல்லும். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2025 டிசம்பரில் அந்தச் சட்டமே மாற்றப்பட்டது. புதிய சட்டம் நூறு நாளை 125 ஆக்கியிருக்கிறது. அதே சமயம் செலவை மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40 என்று பிரித்திருக்கிறது. முன்பு கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு. நாளைக் கூட்டிப் பணத்தைப் பகிரும்போது, கையில் பணம் இல்லாத மாநிலம் தானாகவே நாளைக் குறைக்கும். 2015-16-ல் நடந்ததை அங்கன்வாடி ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினான்காவது நிதிக்குழு மாநிலங்களின் வரிப் பங்கை 42 விழுக்காடாக உயர்த்தியதைக் காட்டி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மத்திய ஒதுக்கீடு 18,000 கோடிக்கு மேலிருந்து ஏறக்குறைய 8,000 கோடிக்கு இறங்கியது. துறை அமைச்சர் மேனகா காந்தியே கவலையை வெளியே சொன்னார். பின்னர் ஒரு பகுதி திரும்பி வந்தது.

திருவெறும்பூர்ப் பக்கத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு, அதைப் பற்றி வெளியூரில் அதிகம் பேசுவதில்லை. நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டும். திருவெறும்பூர் பேரூராட்சியும் பாப்பாக்குறிச்சி உள்ளிட்ட ஊர்களும் 2011-ல் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தன. எல்லைக்கோடு நகர்ந்த அன்று, கோட்டுக்கு உள்ளே வந்த கூலிப் பெண்ணின் வேலை அட்டை வெறும் அட்டையாயிற்று. சொத்து வரி மட்டும் கூடுதலாக வந்தது. 2025 தொடக்கத்தில் மாநகராட்சியை மறுபடி விரிக்கும் அறிவிப்பு வந்தபோது, திருச்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் பெண்கள் சாலைக்கு வந்ததற்கு முதல் காரணம் இதுதான். நகர்ப்புறத்துக்கென்று தமிழ்நாடு ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் முன்னோட்டமாகத் தொடங்கியிருக்கிறது. இழந்ததோடு ஒப்பிட அது மிகச் சிறியது. எந்த பட்ஜெட்டிலும் வராத, ஒரு வரைபடத்தால் நடந்த வெட்டு இது.

*

பெல்லுக்கு வருவோம். 2005-ல் மன்மோகன் சிங் அரசு பெல்லின் பத்து விழுக்காடு பங்கை விற்க முடிவெடுத்தபோது, வெளியிலிருந்து ஆதரவு தந்த இடதுசாரிகள் ஒருங்கிணைப்புக் குழுவுக்கே வர மறுத்தார்கள். சில மாதங்களில் முடிவு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு நெய்வேலி. பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்கை விற்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் இறங்க, தி.மு.க. ஆதரவை விலக்குவதாகச் சொல்ல, 2006 ஜூலையில் பங்கு விற்பனைகள் அனைத்தையும் பிரதமர் நிறுத்திவைத்தார். 2013-ல் மறுபடி அதே பேச்சு. தொழிலாளர்கள் மறுபடி வேலைநிறுத்தம். அப்போது ஜெயலலிதா எடுத்த வழி புதுமையானது: விற்றே ஆக வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்றார். டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் சுமார் 358 கோடி ரூபாய்க்கு 3.56 விழுக்காட்டை வாங்கின. கஜானா காலி என்று 2001-ல் வெள்ளை அறிக்கை வைத்தவரும் இவரே. ஊழியர்களை நீக்கியவரும் இவரே. பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கு, எதற்கு என்பதைப் பொறுத்து வேறு வேறு பதில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் சேர்ந்து சொல்கின்றன.

பங்கு காப்பாற்றப்பட்டது. வேலை? பெல் நிறுவனம் முழுவதிலும் 2010-ஐ ஒட்டி 46,000-க்கும் மேற்பட்ட நிரந்தர ஊழியர்கள் இருந்தார்கள். இன்று 30,000-க்கும் கீழே. யாரையும் வெளியே அனுப்பவில்லை. பெல்லின் கைலாசபுரம் குடியிருப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலிசெய்தார்கள், அந்த வீட்டுக்குப் புதிய ஆள் வரவில்லை. 2012-க்குப் பின் அனல் மின்நிலைய ஆர்டர்கள் சரிந்தபோது, பெல் கொடுக்கும் வேலையை மட்டும் நம்பியிருந்த பட்டறைகள்தாம் முதலில் விழுந்தன. நானூறுக்கு மேற்பட்ட கூடங்கள் இருந்த வட்டாரத்தில் இயந்திரங்களைப் பழைய இரும்பு விலைக்கு விற்றவர்கள் உண்டு. வெல்டிங் சான்றிதழ் வைத்திருந்த இளைஞர்கள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். அண்மை ஆண்டுகளில் ஆர்டர்கள் திரும்பியிருக்கின்றன. ஆள் எடுப்பு அதே வேகத்தில் திரும்பவில்லை.

துப்பாக்கித் தொழிற்சாலையில் வேறு வழி. 2019 ஆகஸ்டில் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் அனைத்திலும் நடந்த வேலைநிறுத்தம் சில நாட்களில் பேச்சுவார்த்தையால் நின்றது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிவாரணத் தொகுப்பின் ஓர் அங்கமாக இவற்றை நிறுவனமாக்கும் முடிவை அறிவித்தார். 2021 ஜூனில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம். அக்டோபர் 1 அன்று 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாயின. ஊழியர்கள் ‘அயற்பணி’ என்ற பெயரில், அரசு ஊழியர்களா நிறுவன ஊழியர்களா என்று தெளிவில்லாத இடத்தில் நிற்கிறார்கள். சற்றுத் தள்ளிப் பொன்மலையில், 1928-ல் தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்துப் பணிமனையை இங்கே கொண்டுவந்து ஆட்குறைப்பு செய்தபோது எழுந்த வேலைநிறுத்தத்துக்காகத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சிறை போனார். இந்த மண்ணுக்கு ஆட்குறைப்பு என்ற சொல் நூறு ஆண்டுப் பழக்கம்.

*

நிதித்துறையின் பக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் வைத்த வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. 2026 மார்ச்சில் மாநிலத்தின் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி ஆகும் என்று பட்ஜெட்டே மதிப்பிட்டது. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 70,000 கோடி. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. மகளிர் உரிமைத்தொகைக்கு 2025-26-ல் 13,807 கோடி. இவற்றைக் கற்பனை என்று தள்ள முடியாது. கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்யும் வீடு எங்கே போய் முடியும் என்பது சாதாரணக் குடும்பத்துக்கும் தெரியும்.

ஆனால் இந்த வாதம் பேசப்படும் இடங்களில் சில விஷயங்கள் விடுபடுகின்றன. மத்திய அரசு வரியாக வசூலிப்பதில் மாநிலங்களோடு பகிர வேண்டாத மேல்வரிகளின் பங்கு பெருகியிருக்கிறது. பகிர்வதிலும் தமிழ்நாட்டுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு கொடுத்தது 4.079 விழுக்காடு. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகச் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் 2024-25-ல் நிறுத்தப்பட்டது.  மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் சம்பளம் இதில்தான் இருந்தது. ஒரு கொள்கைச் சண்டையின் செலவை, அந்தக் கொள்கையைப் பற்றிக் கருத்தே கேட்கப்படாத ஊழியர்கள் சுமந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

மாநில அரசும் இதிலிருந்து தப்ப முடியாது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன்னால் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் கைதுசெய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை அவர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலையின் நிலை. கிடைத்தது உணவு. உணவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பணியிடத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு திட்டத்தை வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம், பாப்பாக்குறிச்சியில் தொடங்கியதற்கு நேர் எதிரானது.

*

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இதைக் கேட்க ஒரு கருவி இருக்கிறது. மானியக் கோரிக்கைகள் வரும்போது உறுப்பினர்கள் ‘வெட்டுத் தீர்மானம்’ கொடுக்கலாம். மக்களவை விதிப்படி, ஒரு துறையின் கொள்கையை எதிர்ப்பவர் அதன் ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கோரலாம். ஒரு குறையை எடுத்துச் சொல்ல விரும்புபவர் நூறு ரூபாய் குறைக்கக் கோரலாம். பெயர் வெட்டு; ஆனால் காலியிடத்தை நிரப்பு, கூலியைக் கொடு என்று அரசைக் கேட்பதற்கு உறுப்பினர்கள் நெடுங்காலமாக அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2023 மார்ச் 23 அன்று மக்களவையில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு, அமளிக்கு நடுவில், விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது. நூறு ரூபாய்க் கேள்விகள் அத்தனையும் அன்று கேட்கப்படாமலே போயின.

விவாதம் நடக்கும் அவைகளிலும் பேச்சு ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. போன ஆண்டைவிட இவ்வளவு கோடி கூட்டினோம் என்பார் அமைச்சர். விலைவாசியைக் கழித்தால் குறைத்தீர்கள் என்பார் எதிர்க்கட்சி உறுப்பினர். சத்துணவு அமைப்பாளரின் பதிவேட்டில் அரிசி எத்தனை கிலோ, முட்டை எத்தனை, சாப்பிட்ட குழந்தைகள் எத்தனை என்று நாள்தோறும் எழுதப்படுகிறது. அதுபோல ஒவ்வொரு திட்டத்தின் ஒதுக்கீட்டுக்குப் பக்கத்திலும் மூன்று எண்கள் அச்சாக வேண்டும்: அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, காலியாகி எத்தனை மாதம். துறைகள் மானியக் கோரிக்கையோடு கொடுக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இதற்கு இடம் இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அந்த எண்ணை ஓர் உறுப்பினர் எழுந்து வாசித்தால் அது அவைக் குறிப்பில் ஏறும். அடுத்த மார்ச்சில் அதே பக்கத்தைத் திறந்து, போன ஆண்டு காலியாக இருந்த அந்த உதவியாளர் இடத்துக்கு யார் வந்தார் என்று அவர் மறுபடி கேட்கலாம்.